சாட்ஸ்வொர்த் சரிவில் துப்பும் நாகம்: ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் வீடு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் சரிவுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் நிலைமைகளை ஒரே வீட்டுக்குள் சேர்த்து எழுதியது. குடும்பம் கற்பனை. சுவர், கதவு, எலி, தேரை, பாம்பு இவை எதுவும் கற்பனை இல்லை. ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் இருப்பவர்களும் தங்கள் வீட்டையே இதில் பார்க்கக்கூடும்.

வீட்டின் அமைப்பு

சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய மூன்று படுக்கையறை வீடு. ஒட்டினாற்போல் வாடகைக்கு விட்ட ஓர் அவுட்பில்டிங். கொல்லைப்புற மண் சரியாமலிருக்க, நடுவே குழிவான கான்கிரீட் கற்களை அடுக்கி எழுப்பிய இரண்டு மீட்டர் உயரத் தாங்கு சுவர். லோஃபெல்ஸ்டீன் சுவர் என்று சொன்னால் டர்பனில் எல்லோருக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடைப் பள்ளம், உண்ணிச்செடிப் புதர், நாணல்.

கொல்லையில் ஓர் அவகாடோ மரம். அதன் கிளை கூரை ஓட்டில் படிந்திருக்கிறது. கோழிக்கூண்டு ஒன்று. அவுட்பில்டிங்குக்குப் பின்னால் பழைய தகரம், உடைந்த ஓடு, மிச்சப்பட்ட மரச்சட்டங்கள் எல்லாம் சேர்ந்த குவியல். மூலையில் ஒரு கறையான் புற்று. அதற்கு மஞ்சள் குங்குமம் இட்டு, வெள்ளிக்கிழமை தோறும் பாலும் முட்டையும் வைத்துக் கும்பிடுகிறார்கள். துணி துவைக்கும் இடத்துக் குழாய் சொட்டுகிறது. திருட்டுப் பயத்தால் வெராண்டாவில் வெள்ளை விளக்கு விடிய விடிய எரிகிறது. அதன் அடியில் நாயின் சோற்றுக் கிண்ணமும் தண்ணீர்ச் சட்டியும்.

வீட்டுக்குள் கவனிக்க வேண்டியவை இரண்டு. பின்கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி. பின்னறையில், கோடையில் டைல்ஸ் தரை குளிர்ச்சியாக இருக்கும் என்று, ஆயாவும் இரண்டு பேரப்பிள்ளைகளும் தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறார்கள்.

நடந்தது

அக்டோபர் கடைசியில், முதல் நல்ல மழைக்கு மறுநாள், குளியலறையில் ஒரு முழ நீளப் பாம்பு. துடைப்பத்தால் அடித்துக் குப்பைப் பையில் போட்டுவிட்டார்கள். யாரும் படம் எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, பொழுது சாய்ந்த நேரம், நாய் விடாமல் குரைத்தது. மூத்த பேரன் துடைப்பத்தோடு வெராண்டாவுக்குப் போனான். கிண்ணத்தின் அருகே இருந்த பாம்பு தலையை ஒரு சாண் உயர்த்தியது. அவன் அதைச் சரியாகப் பார்ப்பதற்குள் இரண்டு கண்ணிலும் மிளகாய் பட்டதுபோல் எரிச்சல். பக்கத்து வீட்டுக்காரர் பால் கொண்டு வந்து ஊற்றினார். பையன் இரண்டு நிமிடம் கழுவினான், கண்ணைத் திறக்க முடியவில்லை என்று நிறுத்திவிட்டு ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்தான். காலையில் இமை வீங்கி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத நிலையில் மருத்துவரிடம் போனபோது, கருவிழியின் மேல்தோல் புண்ணாகியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை குடும்பமே இறங்கியது. ஆள் வைத்துக் குவியலை ஒரே நாளில் அள்ளினார்கள். சுவரோரப் புதரை வெட்டி எரித்தார்கள். வீட்டைச் சுற்றி ஜேய்ஸ் ஃப்ளூயிட் என்னும் கிருமிநாசினியை ஊற்றினார்கள். அன்று இரவே, கழிப்பறைக்குப் போக எழுந்த ஆயா, பிள்ளைகள் படுத்திருந்த மெத்தையின் ஓரத்தில் பாம்பு சுருண்டிருப்பதைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. பிள்ளைகளை மறுபக்கமாக இழுத்து வெளியே கொண்டுவந்து, கதவைச் சாத்தி, கீழே துண்டைச் சுருட்டி அடைத்தார். பாம்பு பிடிப்பவர் வந்து எடுத்தது ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய துப்பும் நாகம். யாரையும் கடிக்கவில்லை.

இந்த வரிசையில் மிகச் சரியாகச் செயல்பட்டவர் ஆயாதான். மற்ற எல்லாம் ஏன் பிசகியது என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

எந்தப் பாம்பு

டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்தில் எல்லோரும் எம்ஃபேசி என்று அழைக்கும் மொசாம்பிக் துப்பும் நாகம் இது. முதுகு சாம்பல் கலந்த பழுப்பு அல்லது ஆலிவ் நிறம். செதில்களின் ஓரம் கறுத்து, வலை போட்டதுபோல் தெரியும். வயிறும் தொண்டையும் இளஞ்சிவப்பு. தொண்டையில் ஒழுங்கில்லாத கறுப்புப் பட்டைகள். பெரியது சாதாரணமாக ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டர். இரண்டு மூன்று மீட்டர் தூரம்வரை விஷத்தைப் பீய்ச்சும், குறி முகத்துக்கு. படம் எடுத்து நிற்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. தரையில் கிடந்தபடியே, ஒரு சந்துக்குள்ளிருந்தும் பீய்ச்சும். பெரியவை பெரும்பாலும் இரவில் இரை தேடும், குட்டிகள் பகலிலும் திரியும். தேரை, எலி, பல்லி, முட்டை, பிற பாம்பு எல்லாம் அதற்கு உணவு.

குளியலறையில் அடிபட்டது எது என்று இப்போது சொல்ல வழியில்லை. டர்பன் வீடுகளில் அந்த அளவில் வருவது பெரும்பாலும் பழுப்பு வீட்டுப்பாம்பு. தலையின் இரு பக்கமும் கண்ணைத் தொட்டுச் செல்லும் வெளிர்க் கோடுகள் அதன் அடையாளம். விஷமே இல்லை, எலிக்குஞ்சு தின்னும். கறுத்த தலையும் சிவந்த உதடும் உள்ள ஹெரால்டு பாம்பு தேரை தின்னும், மனிதருக்கு ஆபத்தில்லை. நெற்றியில் கவிழ்ந்த ‘வி’ வடிவமும் முதுகில் சாய்சதுரப் புள்ளிகளும் இருந்தால் இரவு விரியன். கடி மிகவும் வலிக்கும், வீங்கும். அவகாடோ மரத்தில் பச்சையாக, மெலிசாக, கழுத்துப் பக்கம் கறும்புள்ளிகளோடு ஓடுவது புள்ளிப் புதர்ப்பாம்பு. அதைக் கொடிய விஷமுள்ள பச்சை மாம்பா என்று நினைத்து அடிப்பதுதான் இந்த ஊரில் நடக்கும் மிகப் பெரிய அநியாயம்.

தனியாகச் சொல்ல வேண்டியது ஸ்டிலெட்டோ பாம்பு. முப்பது நாற்பது செ.மீ., பளபளக்கும் கறும்பழுப்பு, கழுத்தே தெரியாத சிறு தலை, புள்ளி போன்ற கண், முள்போல் முடியும் வால். மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து மேலே வரும். பார்க்கச் சாதுவாக இருப்பதால் கையில் எடுப்பவர்கள் அதிகம். தலைக்குப் பின்னால் எவ்வளவு பக்குவமாகப் பிடித்தாலும், வாயைத் திறக்காமலே ஒரு பல்லைப் பக்கவாட்டில் நீட்டிக் குத்திவிடும். அதன் கடிக்கு விஷமுறிவு மருந்து கிடையாது. விரல் அழுகி எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. சிறிய, கறுத்த பாம்பு எதையும் கையால் தொடாதீர்கள்.

அடையாளம் காண ஒரே நல்ல வழி, ஐந்து மீட்டர் தள்ளி நின்று கைபேசியில் பெரிதாக்கி எடுத்த படம். அந்தத் தூரத்தில் எந்தப் பாம்பும் உங்களைக் கடிக்கவோ துப்பவோ முடியாது. முதல் நாளே அப்படி ஒரு படம் இருந்திருந்தால், அடுத்த மூன்று வாரம் இந்த வீடு வேறு மாதிரி போயிருக்கும்.

ஏன் இந்த வீட்டுக்கு

பாம்பு வந்த பாதையைப் பின்னிருந்து பார்த்தால் தெளிவாகும். வெள்ளை விளக்குக்குப் பூச்சி வருகிறது. மழைக்காலத்தில் ஈசல் கொட்டுகிறது. பூச்சிக்குத் தேரை வருகிறது. குழாய்ச் சொட்டும் நாயின் தண்ணீர்ச் சட்டியும் தேரைக்குச் சௌகரியம். இன்னொரு பக்கம், கோழித் தீவனம், கீழே விழுந்த அவகாடோ, நாய்ச்சோறு, குப்பை வண்டி வருவதற்கு முந்தின இரவே தெருவில் வைத்த கறுப்புப் பைகள், புற்றடியில் விடிய விடிய இருந்த முட்டை ஆகியவை எலியைக் கொழுக்க வைக்கின்றன. எலி தாங்கு சுவரின் கல் இடுக்கில் குடியிருக்கிறது. பாம்புக்கு உணவும் உறைவிடமும் பத்து மீட்டருக்குள் அமைந்துவிட்டன.

இந்த நிலையில் ஒரு பாம்பைப் பிடித்துக் கொண்டுபோவதால் மட்டும் எதுவும் தீராது. இரை இருக்கும்வரை ஓடைப் பள்ளத்திலிருந்து அடுத்தது வரும். கொல்லையில் பாம்பே வராமல் செய்வது டர்பனில் நடக்காத காரியம். வாசல்படி தாண்டி உள்ளே வராமல் செய்வது நிச்சயம் நடக்கும். உழைப்பையும் பணத்தையும் அங்கேதான் போட வேண்டும்.

சனிக்கிழமை வேலையில் இருந்த பெரிய பிழை அதன் வரிசை. குவியலைக் கலைத்து, புதரை எரித்தால், உள்ளே இருந்த பாம்பு அன்றிரவு வேறிடம் தேடும். வீட்டின் கதவடி திறந்திருக்கும்போது அந்த வேறிடம் வீடாகத்தான் இருக்கும். முதலில் வீட்டை அடைக்க வேண்டும், பிறகு எலியையும் தேரையையும் குறைக்க வேண்டும், கடைசியாகத்தான் குவியலிலும் சுவரிலும் கை வைக்க வேண்டும்.

ஜேய்ஸ் ஃப்ளூயிட் முதலியவை

ஜேய்ஸ் ஃப்ளூயிட், டீசல், பழைய எஞ்சின் ஆயில், அந்துருண்டை, உப்பு, பூண்டுத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், காட்டுப் பூண்டுச் செடி வரிசை, மண்ணில் குத்தி வைக்கும் அதிர்வுக் கருவி எதுவும் பாம்பை நிறுத்துவதில்லை. தரையில் ஊற்றியது பாம்பின் உடம்பில் பட்டால் எரிச்சல் தரலாம். ஆனால் பாம்பு அதன் மேல் ஊர்ந்து கடந்துபோகும், அடுத்த மழையில் எல்லாம் ஓடைக்குப் போய்விடும். நஞ்சால் சாவது ஓடைத் தவளையும் மீனும். நாயின் பாதமும் புண்ணாகும். இவற்றின் உண்மையான கேடு என்னவென்றால், ஊற்றியாயிற்று என்ற நம்பிக்கையில் கதவடியை யாரும் பார்ப்பதில்லை.

முதல் வேலை: வீட்டை அடைப்பது

முட்டையிலிருந்து வெளிவரும் எம்ஃபேசி குட்டி கால் மீட்டர் நீளமே இருக்கும், பென்சில் பருமன். அதனால் அளவுகோலும் பென்சில்தான்: வெளிக்கதவு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பென்சிலை உருட்டிப் பாருங்கள். அது உள்ளே போனால் பாம்பும் போகும்.

இங்கே வழக்கமான கதவு 813 மி.மீ. அகலம். அலுமினியப் பட்டையில் ரப்பரோ தூரிகை முடியோ பொருத்திய கதவடிப் பட்டை எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கதவின் வெளிப்பக்கம் வைத்து, ரப்பர் தரையை லேசாகத் தொடும்படி ஸ்க்ரூ போட வேண்டும். பசையில் ஒட்டுவது இந்தக் கடலோரப் புழுக்கத்தில் ஒரு கோடைகூடத் தாங்காது. வழக்கமாகப் பிசகும் இடங்கள் மூன்று. பட்டையைக் கதவின் அகலத்துக்கு வெட்டாமல், நிலைச்சட்டத்துக்கு இடம் விட்டு இரண்டு மூலையிலும் ஒரு விரல் குறைவாக வெட்டுவது. பாம்பு சுவரோரமாகத்தான் ஊரும் என்பதால் அந்த மூலைதான் அதன் நுழைவாயில். அடுத்தது, மழைக்காலத்தில் மரக்கதவு ஊதி ரப்பர் தேய்வதால் யாரோ ஒருவர் பட்டையை மேலே தூக்கி வைத்துவிடுவது. மூன்றாவது, பஞ்சுபோன்ற ஃபோம் பட்டை. எலி ஒரே இரவில் கடித்துவிடும். இரும்புக் கிரில் கேட்டைப் பூட்டிவிட்டு, காற்றுக்காக மரக்கதவைத் திறந்து வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் இத்தனை வேலையும் வீண். அங்கே கிரில்லின் கீழ் அரை மீட்டருக்கு 6 மி.மீ. கண் உள்ள துத்தநாகம் பூசிய கம்பிவலையைக் கட்டி, அதன் அடியில் தூரிகைப் பட்டை வைக்கலாம்.

சமையலறை, குளியலறைக் குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடங்களைச் சுற்றிய ஓட்டைகள் அடுத்தவை. கம்பித் தேய்ப்பு நாரைத் திணித்து, அதன் மேல் ஒன்றுக்கு நான்கு சிமெண்ட்–மணல் கலவை பூச வேண்டும். விரிந்து இறுகும் ஃபோம் மட்டும் அடித்தால் எலி குடைந்துவிடும், அந்த வழியே பாம்பு வரும். காற்றுச் செங்கல்லுக்கும் கூரையடித் திறப்புக்கும் அதே 6 மி.மீ. வலை. வெளிச் சாக்கடைத் தொட்டியின் மூடி உடைந்திருந்தால் மாற்றுங்கள்.

பிளாஸ்டிக் பறவை வலையை மட்டும் எதற்கும் பயன்படுத்தாதீர்கள். பாம்பு அதில் சிக்கி, செதில் கிழிந்து, நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். விடுவிக்கப் போகிறவர்தான் கடி வாங்குவார்.

கூரையில் படியும் கிளையை இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு வெட்டுங்கள். எலிக்கும் அதுதான் பாலம், மரமேறும் பாம்புக்கும் அதுதான் பாலம். வெஸ்ட்வில், ரிசர்வாயர் ஹில்ஸ், குவீன்ஸ்பர்க் பக்கம் கறுப்பு மாம்பா கூரைக்குள் தங்குவது உண்டு. அது தனிக் கதை. கூரையில் ஒரே துளையில் சாம்பல் நிறப் பெரிய பாம்பு வெயில் காய்வதைப் பார்த்தால் துளையை அடைக்காதீர்கள், பிடிப்பவரை அழையுங்கள்.

இரண்டாவது: இரையைக் குறைப்பது

வெள்ளை விளக்கைக் கழற்றி, மஞ்சள் ஒளி தரும் எல்இடியை, ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் எரியும் சென்சாரோடு போடுங்கள். திருடனுக்கு எதிராகவும் அதுவே மேல். சட்டென்று எரியும் விளக்கு கவனத்தை இழுக்கும். சொட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். நாய்க் கிண்ணத்தை மாலை ஆறு மணிக்கு உள்ளே எடுத்துவிடுங்கள்.

கோழித் தீவனம் மூடியுள்ள இரும்பு டின்னில் இருக்கட்டும். முட்டையை மாலையிலேயே எடுத்துவிடுங்கள். கோழிக்கூண்டின் வலை பெரிய கண் உள்ளதாக இருந்தால், கீழிருந்து முக்கால் மீட்டர் உயரத்துக்கு 6 மி.மீ. வலையை உள்பக்கம் பொருத்தி, அடியை மண்ணுக்குள் 20 செ.மீ. புதைக்க வேண்டும். குப்பைப் பை காலையில் வெளியே போகட்டும்.

எலிக்கு அடிப்பொறிதான் நல்லது. சுவரோரமாக, இரைப் பலகை சுவரைப் பார்க்கும்படி, இரண்டு மீட்டருக்கு ஒன்றாக வைத்து, முதல் இரண்டு நாள் வில்லை ஏற்றாமல் கடலை வெண்ணெய் மட்டும் தடவி விடுங்கள். எலி பழகிய பிறகு ஏற்றினால் ஒரே இரவில் பல விழும். பிள்ளைகளும் நாயும் தொடாதபடி பொறியை ஒரு நீண்ட பெட்டிக்குள் வையுங்கள்.

தெருவில் சிறு பொட்டலமாக விற்கும் எலிமருந்தை வாங்கவே வாங்காதீர்கள். அது பெரும்பாலும் விவசாயத்துக்கான கொடிய பூச்சிமருந்தைத் திருட்டுத்தனமாகப் பிரித்து விற்பது. 2024 அக்டோபரில் சொவேட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் இறந்ததற்கு அப்படிப்பட்ட டெர்புஃபாஸ்தான் காரணம் என்று கண்டறியப்பட்டது. பாம்புக்குப் பயந்து எலியைக் கொல்லப் போய், பிள்ளையை இழப்பதைவிடக் கொடுமை இல்லை.

புற்றைப் பற்றி. அதை இடிக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை, தேவையும் இல்லை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த வழிபாடு அது. ஆனால் பாம்பு பாலை உணவாகக் கொள்வதில்லை. முட்டையை எம்ஃபேசி தின்னும், எலியும் தின்னும். பூசை முடிந்து, விளக்கு அமரும் முன்பே முட்டை, பால், சோறு, வாழைப்பழம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தரையைக் கழுவினால் போதும். ஆடிக் கூழ் ஊற்றிய பிறகு மிஞ்சும் கூழுக்கும் இதே வழிதான். மஞ்சளும் குங்குமமும் பூவும் இரவு முழுதும் இருக்கலாம்.

மூன்றாவது: குவியலும் சுவரும்

வீட்டை அடைத்து முடித்து, பொறியில் எலி விழுவது குறைந்த பிறகு குவியலைத் தொடுங்கள். காலை வெயில் ஏறிய பிறகு, கணுக்காலுக்கு மேல் உயர்ந்த காலணி, தடித்த கையுறை, மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து வேலை செய்யுங்கள். மூக்குக் கண்ணாடி போதாது. பக்கவாட்டில் துளி புகும். தகரத்தின் உங்கள் பக்கத்து ஓரத்தைத் தூக்காதீர்கள். எதிர்ப்பக்கத்து ஓரத்தை மண்வெட்டி அல்லது ரேக்கால் கொக்கியிட்டு உயர்த்தினால், தகரம் உங்களுக்கும் பாம்புக்கும் நடுவே கேடயமாக நிற்கும். விரல் எதன் அடியிலும் போகக் கூடாது. ஒரே நாளில் முடிக்க வேண்டாம். பாதி எடுத்து இரண்டு நாள் விட்டால் உள்ளே இருப்பது தானே பள்ளத்துக்குப் போகும். வைத்திருக்க வேண்டிய மரத்தை வீட்டிலிருந்து தள்ளி, தரையிலிருந்து 30 செ.மீ. உயர்ந்த தாங்கியில் அடுக்குங்கள்.

தாங்கு சுவரில்தான் பலர் விபரீதம் செய்கிறார்கள். எல்லாத் துளையையும் சிமெண்ட் வைத்துப் பூசிவிடுகிறார்கள். பின்னாலிருக்கும் மண்ணில் ஊறும் நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பெருமழையில் சுவர் வயிறு தள்ளிச் சரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நடாலில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; சரிவில் குடியிருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கற்களின் குழிகளில் மண்ணை அள்ளி இறுக்கிக் குத்தி, படர்செடி நட்டால் குழி நிறையும், எலிக்கு இடம் இராது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்குகளில் சிறு ஜல்லியை நெருக்கித் திணியுங்கள். நீர் கசியும், எலி நுழையாது. நீர்க்கசிவுக் குழாய் வாயில் 6 மி.மீ. வலைத்துண்டைச் செருகுங்கள், வருடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிச் சேற்றைக் கழுவுங்கள். சுவரடியில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லைக் கட்டையாக வைத்தால், ஊர்வது கண்ணுக்குத் தெரியும்.

படுக்கை

எம்ஃபேசி கடியில் கணிசமானவை, இரவில் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருப்பவருக்கு நேர்பவை. எலியையோ தேரையையோ தொடர்ந்து வரும் பாம்பு, தூக்கத்தில் அசையும் கையையோ காலையோ சந்திக்கிறது. தூங்குபவர் கடிபட்டதை உணர்ந்து விழிப்பதற்குள் இரண்டாவது கடியும் விழலாம். தரைமெத்தையைக் கட்டிலுக்கு மாற்றுவது இந்த ஆய்வில் சொல்லும் எல்லாவற்றிலும் மலிவான, பலன் மிகுந்த மாற்றம். கட்டில் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, போர்வை தரையில் தொங்காமல் இருக்கட்டும். தரையில்தான் படுக்க வேண்டியிருந்தால், கொசுவலையை மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகுங்கள். இரவில் எழுந்தால் முதலில் டார்ச், பிறகு கால்.

பாம்பு உள்ளே இருக்கும்போது

ஆயா செய்ததை அப்படியே செய்யுங்கள்: ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்தி, அடியில் துண்டு. திறந்த இடத்தில் இருந்தால், நாயைக் கட்டிவிட்டு, ஒருவர் மட்டும் ஐந்து மீட்டருக்கு அப்பால் நின்று அது போகும் இடத்தைக் கண்ணால் பின்தொடர வேண்டும். “அது போயிடுச்சு” என்று எல்லோரும் உள்ளே போய்விட்டால், பிடிப்பவர் வந்து தேடுவதற்கு ஒன்றுமிருக்காது. டூம் போன்ற பூச்சிமருந்து அடிப்பதும், கொதிநீர், பெட்ரோல் ஊற்றுவதும் பாம்பை இன்னும் உள்ளே தள்ளும். இந்த மாகாணத்தில் பாம்பைப் பிடிக்கவும் வைத்திருக்கவும் எசெம்வேலோ என்னும் மாகாண வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பின் அனுமதிச் சீட்டு வேண்டும். அனுமதி உள்ள, உங்கள் பகுதிக்கு விரைவில் வரக்கூடிய இருவரின் எண்ணைக் கோடை தொடங்கும் முன்பே கைபேசியில் பதிந்து வையுங்கள்.

கண்ணிலோ உடம்பிலோ விஷம் பட்டால்

கண்ணில் பட்டால் பதினைந்து முதல் இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். கண் தானாக இறுக மூடிக்கொள்ளும். இன்னொருவர் இமையை விரலால் விரித்துப் பிடிக்க வேண்டும். பேரனுக்கு நேர்ந்தது அங்கேதான்: இரண்டு நிமிடத்தில் நிறுத்தியதால் மிச்ச விஷம் இமைக்குள் தங்கி இரவு முழுதும் அரித்தது. தண்ணீர் இருக்கும்போது பால் தேடி ஓடாதீர்கள். கழுவியதும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்; கருவிழியில் புண் இருக்கிறதா என்று சாயம் விட்டுப் பார்ப்பார், கிருமித்தொற்றுக்கு எதிரான சொட்டுமருந்து தருவார். விஷமுறிவு மருந்தைக் கண்ணில் விடுவது கூடாது. நாய்க்கும் இதே கழுவல்தான்.

கடித்தால், முதல் சில நிமிடங்களிலேயே மோதிரம், வளையல், மெட்டி, மணிக்கட்டிலுள்ள சிவப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள் அல்லது வெட்டுங்கள். எம்ஃபேசி விஷம் சதையை அழிக்கிறது. வீக்கம் வேகமாக ஏறும்போது அந்தக் கயிறே இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். கட்டுப் போடக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். ஆம்புலன்சுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டாம், படம் போதும்.

மாம்பா கடி வேறு வகை. அதன் விஷம் மூச்சுத் தசையை முடக்கும். மருத்துவமனை தொலைவில் இருந்தால், அகலமான நெகிழ்வுத் துணியைக் கடிபட்ட கை அல்லது கால் முழுதும் இறுக்கமாகச் சுற்றி அசையாமல் வைக்கலாம். ஆனால் அதற்காகப் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது. மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போங்கள். அதனாலேயே பிழைத்தவர்கள் உண்டு.

ஜொஹானஸ்பர்க்கில் தயாராகும் பன்முக விஷமுறிவு மருந்து எம்ஃபேசி, இரு மாம்பாக்கள், பஃப் விரியன் முதலியவற்றுக்கு வேலை செய்யும். பூம்ஸ்லாங் என்னும் மரப்பாம்புக்குத் தனி மருந்து. இரவு விரியனுக்கும் ஸ்டிலெட்டோவுக்கும் எதுவும் இல்லை, வலியும் புண்ணும்தான் பார்க்கப்படும். மருந்து 10 மி.லி. குப்பிகளில் வரும், எம்ஃபேசி கடி கடுமையாக இருந்தால் தொடக்கமே ஐந்து குப்பி அளவுக்குப் போகும். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு, ஏனென்றால் பாம்பு செலுத்திய விஷம் ஒன்றே. குதிரை இரத்தத்திலிருந்து எடுப்பதால் கடும் ஒவ்வாமை அடிக்கடி வரும். அட்ரினலினும் மூச்சுக்குழாய் வசதியும் தயாராக உள்ள இடத்தில்தான் மருத்துவர் அதைக் கொடுப்பார். எல்லாக் கடிக்கும் அது தேவைப்படுவதில்லை. கொடுக்காமல் கவனித்துக்கொண்டிருந்தால் மருத்துவர் அலட்சியம் செய்கிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். வீக்கம் எங்கே வரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு நேரம் குறித்து வைத்தால் அவருக்கு உதவும்.

பிறகு

இந்த வரிசையில் வேலை முடிந்த வீட்டில், அடுத்த கோடையிலும் கொல்லையில் பாம்பு தென்படும்: அவகாடோவில் புதர்ப்பாம்பு, சுவரோரம் எப்போதாவது ஓர் எம்ஃபேசி கடந்துபோகும். அதற்காகப் பதற வேண்டியதில்லை. உள்ளே ஒன்று வந்தால் மட்டும், எந்த இடம் திறந்தது என்று பென்சிலோடு மறுபடி ஒரு சுற்று வர வேண்டும். கதவடி ரப்பர் வெயிலில் வெடிக்கும், வலையின் ஸ்க்ரூ துருப்பிடிக்கும், அவுட்பில்டிங்கில் புதிதாகக் குடிவந்தவர் பட்டையைக் கழற்றியிருப்பார். செப்டம்பரில், மழைக்கு முன், இரண்டு வீட்டுக் கதவுகளையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். வாடகைக்காரரிடம் பட்டை எதற்கு என்று சொல்லி வையுங்கள், பிடிப்பவரின் எண்ணையும் அவருக்குக் கொடுங்கள்.